எல்லோரும் ஒரே கட்சி

கேள்வி: புவி வெப்பமாதல் என்பது மேல்நாட்டார் கட்டிய கதை என்கிறார் என் மைத்துனர். உலகமே முழுகப்போகிறது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். இந்த விஷயத்தில் நீங்கள் எந்தக் கட்சி?
கே.எஸ்., திருவாரூர்

பதில்: கட்சி இருந்தால்தானே சேர்வதற்கு? மேகதாதுவில் நமக்குள் சண்டை உண்டு. கச்சத்தீவை யார் விட்டுக்கொடுத்தது என்று இன்றைக்கும் சண்டை உண்டு. பூமி சூடாகிறதா என்று கேட்டால் மட்டும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, உதிரிக்கட்சி எல்லோரும் கை தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய கையோடு ஆளுக்கொரு மரக்கன்றை நட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுநாள் கன்றை ஆடு கவனித்துக்கொள்கிறது.

சென்ற கோடையில் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் என்று அழைத்திருந்தார்கள். வாசலில் பனிக்கரடி படம் போட்ட பிளெக்ஸ் பேனர். கரடியைவிட வரவேற்புக் குழுத் தலைவரின் படம் பெரிது. மேடையில் எல்லோருக்கும் பொன்னாடை. எனக்கும் பொன்னாடைக்கும் உள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதில் பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை, இருப்பது பாலியெஸ்டர். அது பெட்ரோலியத்தில் பிறந்த சரக்கு. ஆக, பெட்ரோலியத்தை விட்டொழியுங்கள் என்று பேச வந்தவர் அதையே மே மாதத்தில் தோளில் சுமந்துகொண்டு வியர்த்தார். முதல் விருந்தினர் கழற்றி வைத்ததை மேஜைக்கு அடியில் மடித்து, ஏழாவது விருந்தினருக்குப் போர்த்தியதைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அரங்கில் நடந்த ஒரே மறுசுழற்சி அதுதான்.

பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போடலாமே என்று முன்பு எழுதியபோது, ‘போர்த்த ஆளில்லாதவர் புலம்புகிறார்’ என்று ஒரு சக ஆசிரியர் தம் பத்திரிகையில் பதில் கொடுத்தார். அவர் வீட்டு சோபாவுக்கு எதில் உறை தைத்திருக்கிறார்கள் என்பதை நேரில் கண்டவன் நான். நாகரிகம் கருதி இதுவரை வெளியே சொல்லவில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும் என்பதிலும் நாம் ஒருமனதுதான். 2022-இல் அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அதே சதுப்பில், பெருங்குடிப் பக்கம், பல பத்தாண்டுகள் மாநகரக் குப்பையைக் கொட்டி மேடாக்கியவர்களும் நாம்தான். பெருமழை பெய்தால் வேளச்சேரியில் படகு விடுகிறோம்.

உங்கள் மைத்துனரின் கட்சிக்கு அமெரிக்காவில் நல்ல கூட்டம். 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் ஒரு பனி உருண்டையை செனட் சபைக்குள் கொண்டுவந்து, வெளியே எப்படிக் குளிர்கிறது பாருங்கள் என்று வீசிக் காட்டினார். பிப்ரவரியில் வாஷிங்டன் குளிர்வது அவருக்குச் சாட்சியமாகப் பட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முகத்துக்கு நேரே மறுப்பவரோடு வாதாடலாம். ஆனால் அதே செனட் 1997 ஜூலையில், கியோட்டோ பருவநிலை மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு தீர்மானம் போட்டது: வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கேடு செய்யும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது. ஆதரவு 95, எதிர்ப்பு பூஜ்யம். கொண்டுவந்த இருவரில் ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எங்கே படித்தாலும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

நம்முடைய ஒருமனது அதைவிடப் பழையது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையைப் பற்றிப் பேசியது முதல், 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் மோடி நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்க 2070 என்று கெடு சொன்னது வரை, ஆட்சிகள் மாறியும் வாதம் மாறவில்லை: கெடுத்தவர்கள் பணக்காரர்கள், அவர்கள் முதலில் குறைக்கட்டும். நியாயம்தான். சராசரி அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு சராசரி இந்தியரைப்போல் சுமார் ஏழு மடங்கு. ஆனால் யார் அந்தச் சராசரி இந்தியர்? உங்கள் ஊரில் நாற்று நடும் பெண்ணையும் சென்னையில் மூன்று கார் வைத்திருப்பவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பவர். அந்தப் பெண்ணின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டுதான் மூன்று கார்க்காரர் உலக அரங்கில் ஏழையாகிறார்.

மைத்துனருக்கு ஒரு தகவல். கதை கட்டியவர் என்று யாரையாவது பிடித்தே ஆகவேண்டும் என்றால் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸைப் பிடிக்கட்டும். காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று 1896-இலேயே கையால் கணக்குப் போட்டு வெளியிட்டவர் அவர். மனைவி பிரிந்துபோன காலத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. (குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அத்தனை நீளக் கணக்குப் போட எங்கே நேரம்?) சூடானால் நல்லதுதான் என்றே அவர் நினைத்தார். குளிர்நாட்டுக்காரருக்கு வேறெப்படித் தோன்றும்? ஊரை மிரட்டக் கதை கட்டுகிறவர் அதற்குச் சுபமான முடிவா வைப்பார்?

மகள் சொல்வதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. உலகமே முழுகும் என்பதில் ஒரு சமத்துவம் தொனிக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது உங்கள் மாவட்டத்து முத்துப்பேட்டைப் பக்கம் கூரை வீடுகளும் தென்னையும் எப்படிப் போயின என்று அவருக்குச் சொல்லுங்கள். எத்தனை மாடி வீடுகள் போயின என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2020 ஜனவரி முதல், வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்துத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. வாங்கி மாட்டியதும் அதைப் 18-க்கு இறக்குவதில் நம் நாட்டில் கட்சி பேதமே கிடையாது. மைத்துனரும் மகளும் தர்க்கம் செய்தார்கள் என்று எழுதினீர்களே, எந்த அறையில் உட்கார்ந்து செய்தார்கள், ரிமோட் யார் கையில் இருந்தது என்பதை எழுதவில்லையே?