கடை வளாகத்தின் வெளிப்புறத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உயர் அழுத்த நீரால் கழுவ வேண்டும்?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரியில் ஒருமுறை வெளிச்சுவர் முழுவதையும் கழுவுவது பெரும்பாலான வளாகங்களுக்குப் போதும். எண்ணெய் படியும் வாகன நிறுத்தத் தளத்துக்கு மாதந்தோறும் தேவைப்படலாம். நல்ல காங்கிரீட் தரை 150 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தைத் தாங்கும் என்றாலும், பெயின்ட் அடித்த பூச்சுச் சுவரில் அதே அழுத்தம் பெயின்டை உரித்து, விரிசல்கள் வழியே நீரை உள்ளே செலுத்திவிடும் என்பதால், அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, 40 பாகை விரியும் முனையைப் பொருத்தி, சற்றுத் தள்ளி நின்றே அடிக்க வேண்டும். பாசியை அழுத்தம் மட்டும் வேரறுக்காது. நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) கரைசலைத் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, காய்வதற்குள் அலச வேண்டும். அதனுடன் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சீக்கிரம் பளிச்சிட வேண்டுமென்று ஆசிட் ஊற்றும் ஒப்பந்தக்காரரை, என்னைக் கேட்டால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். மின்பெட்டிகளையும் பெயர்ப்பலகை விளக்குகளையும் மின்சாரத்தைத் துண்டித்து மூடிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.