அம்மாவுக்கு எந்த பிளேயர்?

கேள்வி: அண்ணா, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவின் டிவிடி பிளேயர் படுத்துவிட்டது. அங்கே இணையம் சரியாக வராது. பெட்டி நிறைய விசிடி, டிவிடி இருக்கிறது, சென்னையிலிருந்து அத்தை மூன்று ப்ளூரே டிஸ்க்கும் அனுப்பியிருக்கிறார். கடைக்காரரோ ப்ளூரேயைவிடத் தெளிவான 4கே பிளேயரே எடுங்கள் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: தங்கச்சி, 4கே வேண்டாம். அம்மாவிடம் ஒரு 4கே டிஸ்க்கூட இல்லை, இல்லாததற்கு எதற்கு வெள்ளியைக் கொட்ட வேண்டும்?

ப்ளூரே பிளேயர் டிவிடியைப் போடும், ஆனால் விசிடியை எல்லா மாடலும் எடுக்காது, இதைக் கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ரீஜன் தொல்லை, அதாவது ஒரு வட்டாரத்து டிஸ்க் இன்னொரு வட்டாரத்து பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. ப்ளூரேயில் மலேசியா ஏ, இந்தியா சி. டிவிடியில் நமக்கு 3, இந்தியாவுக்கு 5. அத்தை அனுப்பிய உறையின் பின்பக்கம் பாருங்கள், ஏ பி சி மூன்றும் அச்சாகியிருந்தால் கவலையில்லை, சி மட்டும் இருந்தால் இங்கே விற்கிற பிளேயரில் அது ஓடாது, திரையில் ஒரு அறிவிப்பு வந்து அப்படியே நின்றுவிடும், அம்மா பாவம் பிளேயர் கெட்டுப்போனதென்று பயந்துபோவார்.

இன்னொன்று, புது ப்ளூரே டிஸ்க் சிலவற்றுக்கு பிளேயரின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவரும். இணையம் இல்லாத வீட்டில் அதை நீங்கள்தான் பென்டிரைவில் இறக்கி எடுத்துப்போய்ச் செய்ய வேண்டும். டிவிடியில் இந்த வேலையே கிடையாது, தட்டில் வைத்து பட்டனை அமுக்கினால் படம்.

ப்ளூரேயில் படம் தெளிவுதான், மறுக்கவில்லை. டிஸ்க்கின் மேல்பூச்சும் கெட்டி, லேசில் கீறல் விழாது. ஆனாலும் மூன்று டிஸ்க்குக்காக ஒரு பெட்டி விசிடியை மூலையில் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கம்பியில் டிவிக்குப் போகும் இணைப்பு) உள்ள நல்ல டிவிடி பிளேயரை எடுங்கள், இனி டிவிடியாகவே, அதுவும் 5 மட்டும் என்றில்லாமல் எல்லா ரீஜனிலும் ஓடுவதாகப் பார்த்து அனுப்பச் சொல்லி அத்தைக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அம்மாவின் பெட்டியிலிருந்து கீறல் விழுந்த விசிடி ஒன்றையும் டிவிடி ஒன்றையும் கொண்டுபோய், காசு கொடுக்கும் முன்னால் அங்கேயே கடைசிவரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய டிஸ்க் திணறுவது பெரும்பாலும் பாதிக்கு மேல், விளிம்புப் பக்கம் வரும்போதுதான். ரிமோட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள், பட்டன் எழுத்து கண்ணாடி இல்லாமல் தெரிகிறதா என்று. இடி மழை வந்தால் சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.