உடம்பை ஓம்புதல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மும்பையில் முலுண்டில் இருக்கிறேன். 41 வயது. மார்பகப் புற்றுநோய் வந்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது, ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. மனசு ஆறட்டும் என்று வீட்டுக்காரர்தான் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. "உங்கள் உடம்பை நேசியுங்கள்" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்கு அழுகைதான் வருகிறது. சவாசனத்தில் கண்ணை மூடினால் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு தெரிகிறது. நேசிக்க முடியாதவளுக்கு யோகா எதற்கு? விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், முலுண்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வகுப்பை வேண்டுமானால் விடுங்கள். யோகாவை விட வேண்டாம்.

நேசி என்று சொன்னதும் பிரியம் வந்துவிடுமா? இவ்வளவு பட்ட உடம்பின் மேல் கோபம் இருக்கத்தான் செய்யும். திருமந்திரம் பாடிய திருமூலரையே பாருங்கள். "உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்" என்றுதான் தொடங்குகிறார். அந்த 'முன்னம்' எனக்குப் பெரிய ஆறுதல். அவருக்கும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. உடம்புக்குள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பிறகும், நேசிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. "ஓம்புகின்றேனே" என்கிறார். விருந்தோம்பல் என்கிறோமே, அதே ஓம்பல். வாசலில் ஒருவர் களைத்துப் போய் வந்து நின்றால் முதலில் தண்ணீர் கொடுக்கிறோம், பாய் போடுகிறோம். அவர் மேல் பிரியம் வரட்டும், அப்புறம் தண்ணீர் தரலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை.

எனக்கு இதை யாரும் விளக்கவில்லை, செய்து காட்டினார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் தோள்பட்டை இறுகிப்போய், பின்னல் போடக்கூடக் கை எழும்பவில்லை. மாதுங்காவில் ஒரு மாடி வகுப்பு, எழுபது வயது மாமி ஒருவர் நடத்தினார். முதல் நாள் அவர் என்னை எந்த ஆசனமும் செய்ய விடவில்லை. மல்லாந்து படுக்கச் சொன்னார். பழைய போர்வையை நாலாக மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தார். பக்கவாட்டில் நீட்டிய கை தரையைத் தொட நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. இன்னொரு போர்வையைச் சுருட்டி அந்த இடைவெளியில் செருகினார். "கை கீழே வர வேண்டாம், தரை மேலே வரட்டும்" என்றார். ஆறு மாதமாக அந்தக் கையைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அன்றுதான் அதற்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது. அழுதுவிட்டேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை, ஃபேனைக் குறைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

போர்வை, கட்டை, பெல்ட் எல்லாம் வைத்துச் சொல்லித்தரும் இந்த முறையைப் பரப்பியவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918இல் பிறந்தவர், மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சின்ன வயதெல்லாம் நோயோடே கழிந்தவர். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியும் ஆசனத்துக்குக் கேட்பது ஸ்திரம், சுகம் என்ற இரண்டைத்தான். கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்ற கேள்வியே அங்கே கிடையாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சவாசனத்தில் கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வலது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால் விடுகிற மூச்சு இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். அடக்கிப் பிடிக்க வேண்டாம். அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். கையையும் காலையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனம் போலக் கையில் எடை இறங்குகிற எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அந்த விளக்கு தூக்கத்திலும் வந்து எழுப்புகிறதென்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். யோகா அதற்கு மாற்று இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

புது வகுப்பில் சேரும் முன் டீச்சரிடம் தனியாக நடந்ததைச் சொல்லிவிடுங்கள். "அதையெல்லாம் நினைக்காதீர்கள்" என்று அவசரமாக முடிப்பவர் வேண்டாம். இடது கை இப்போது எதுவரை எழும்புகிறது என்று கேட்பவரிடம் சேருங்கள்.