முதுகுத் தேய்மானமும் டிஸபிலிட்டி பென்ஷனும்: எம்.ஆர்.ஐ.க்கு முன் வாங்க வேண்டிய காகிதம்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் என் ஊர். ராணுவத்தில் 24 வருடம் லாரி ஓட்டி, 2019-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி மெடிக்கல் போர்டு இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தேய்மானம் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு, அது பணியால் வந்ததும் அல்ல, கூடியதும் அல்ல என்றது. டிஸபிலிட்டி பென்ஷன் (உடல் குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) மறுக்கப்பட்டது. இப்போது மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கொடுத்தால் கிடைக்குமா?

பதில்: அதை மட்டும் வைத்துக் கிடைக்காது. இன்றைய ஸ்கேன் இன்றைய தேய்மானத்தைத்தான் காட்டும். உங்கள் வழக்கு அந்த போர்டு எழுதிய காரணத்தைப் பற்றியது. உங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீஸுக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போட்டு, போர்டு நடவடிக்கைகள், சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை, பணிக்கால மருத்துவக் குறிப்புகள், போஸ்டிங் விவரம் நான்கின் நகலையும் கேளுங்கள்.

சேரும்போது இந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், நீங்கள் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். தொடர்பு இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது இது. ‘வயதால் வருவது’ என்ற ஒற்றை வரி போதாது. போர்டு காரணம் எழுதியிருக்க வேண்டும்.

போர்டு தாளில் நோய் முதலில் எப்போது, எந்த ஊரில் தெரிந்தது என்ற கட்டத்தைப் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். வலியைப் பொறுத்துக்கொண்டு சிக் ரிப்போர்ட் (ராணுவ மருத்துவரிடம் நோயைப் பதிவது) போடாமல் இருந்துவிட்டு, எல்லைப் பணியிலிருந்து அமைதியான ஊருக்கு மாறிய பிறகு முதல் குறிப்பு விழுந்திருக்கும். அதையே போர்டு பிடித்துக்கொள்ளும். அப்படியிருந்தால், பணியால் வந்தது என்பதோடு நிற்காமல், பணியால் கூடியது என்றும் சேர்த்துக் கேளுங்கள். லடாக் போன்ற மலைப் பகுதியில் லாரி ஓட்டிய காலம், லைட் டியூட்டி சீட்டு, மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) குறைத்த தேதி இவற்றை வரிசையாக வைத்தால் போதும்.

மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டாலும் வழி அடைபடவில்லை. சென்னையில் உள்ள ராணுவத் தீர்ப்பாயத்தில் தாமதத்தை மன்னிக்கும் மனுவுடன் வழக்கு போடலாம். மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு முதலில் போய் நாளைக் கடத்தாதீர்கள். பென்ஷன் மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் தாமதம் மட்டும் வழக்கைக் கொல்லாது. ஆனால் தாமதமாகப் போனால் பாக்கித் தொகையைப் பொதுவாக வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள்.

வென்றால் 30 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும். சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், உங்களுக்கு 15 சதவீதம், சர்வீஸ் பென்ஷனுக்கு மேல்.