பத்தாம் வகுப்பில் தமிழ்ச் செய்யுள் புரியவே இல்லை, உரையை அப்படியே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் உரையை மூடி வைத்துவிட்டுப் பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படி. செய்யுள் பயமுறுத்துவதற்குப் பாதிக் காரணம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான். பதம் பிரித்தாலே பாதி வெளிச்சம் வந்துவிடும்.

மீதிப் பாதி, தெரிந்த சொல் போலவே இருந்து ஏமாற்றும் சொற்கள். புறநானூற்று 192ஆம் பாடலில் 'யாவரும் கேளிர்' என்று வருகிறதே, அதை 'எல்லோரும் கேளுங்கள்' என்று நினைத்துக்கொண்டு நானே பல காலம் திரிந்தேன்! கேளிர் என்றால் உறவினர். 'கேள்' என்ற சொல்லுக்கு உறவு, நட்பு என்றும் பொருள் உண்டு. கேண்மை என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். அதேபோல இன்று மூக்கைப் பொத்த வைக்கும் 'நாற்றம்' குறளில் நறுமணம். இப்படிப்பட்ட சொற்களை மட்டும் தனி நோட்டில் எழுது. அகர வரிசை வேண்டாம், ஒரே வேரில் பிறந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதும் கூடவே வரும்.

சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. சொல்லுக்குப் பொருளோடு, அது எந்த நூலில் வருகிறது என்றும் காட்டும்.

அப்புறம் பாட்டின் பொருளை நீயே எழுதிவிட்டு உரையைத் திற. நீ எழுதிய பொருள் எங்கே தவறியது என்று பார். தவறிய இடம்தான் மறக்காது. மனப்பாடப் பகுதிக்கு மட்டும் வேறு வழியில்லை, உருப்போட்டுத்தான் ஆக வேண்டும்.