எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாராம்?

வாசகர் கேள்வி - பதில்

ஏழு காற்பந்து ஆட்டக்காரர்களின் பத்திர விவகாரத்தில் நம் மக்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்? அது காற்பந்துச் சங்கத்தின் தவறு. அதில் நம் குடியுரிமைப் பிரச்சினையைக் கொண்டுபோய் ஏன் முடிச்சுப் போட வேண்டும்?
- வாசகர், பட்டர்வொர்த்

விவரம் தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. அன்று திடலில் இறங்கிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு பேரைப் பற்றியதுதான் இந்த விவகாரம். தாத்தாவோ பாட்டியோ இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்டித்தான் அவர்கள் நம் அணிக்கு வந்தார்கள். செப்டம்பரில் ஃபிஃபா அந்தப் பத்திரங்கள் பொய் என்று அறிவித்தது. சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடை. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. அர்ஜெண்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து பதிவேடுகளிலிருந்து ஃபிஃபா அசலை வாங்கிப் பார்த்திருக்கிறது. ஒருவருடைய தாத்தா ஜார்ஜ் டவுனில் பிறந்தவர் என்று இங்கே கொடுத்த பத்திரம் சொன்னது. அசலில் இருந்த ஊர் புவனோஸ் ஐரஸ்.

இந்தச் செய்தியை நான் என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தை என் அப்பாவின் தங்கை. கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் 1949-இல் பிறந்தவர். இப்போது பிறையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மகளோடு இருக்கிறார். நான் வாசித்து முடித்ததும், கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஜார்ஜ் டவுன்ல எந்த ஆஸ்பத்திரியில பொறந்தாராம்யா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் ஐம்பது வருடமாகப் பதிவு அலுவலகத்தில் அத்தையிடம் கவுண்டருக்குக் கவுண்டர் கேட்கப்படும் கேள்வி அதுதான். எந்த ஆஸ்பத்திரி? யார் பிரசவம் பார்த்தது? சூராட் பெரானா (பிறப்புப் பத்திரம்) எங்கே? தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். தோட்டம் கைமாறியது, ஆஸ்பத்திரியை இடித்தார்கள், புத்தகம் போன இடம் தெரியவில்லை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தங்கைதான். அப்பாவை அவருடைய வாத்தியார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போய்ப் பதிந்துவிட்டார், அவருக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களின் அடையாள அட்டை. அத்தைக்கு அப்போது எட்டு வயது, பெண் பிள்ளை, யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை.

அந்தச் சிவப்பு அட்டை என்ன செய்யும் என்று நீல அட்டைக்காரர்களான நமக்கு முழுதாகப் புரிவதில்லை. அத்தை இதுவரை ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. மலேசியக் கடப்பிதழ் இல்லை. அரசாங்கம் குடிமக்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டினார்கள். என் பெரியப்பா அப்படித்தான் பினாங்குத் துறைமுகத்தில் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறினார். எனக்கு ஏழு வயது. அவர் என் கையில் ஒரு வெள்ளியை (ரிங்கிட்) அழுத்தி வைத்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அத்தை மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். "நான் பொறந்த ஊரு இது" என்றார்.

அத்தை வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஃபைலை ஒரு முறை நீங்கள் பார்க்க வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டது. உள்ளே பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்துச் சம்பளச் சீட்டுகள், கோயில் தலைவர் கொடுத்த கடிதம், பெங்ஹுலு (ஊர்த் தலைவர்) கடிதம், அண்ணனின் பிறப்புப் பத்திர நகல், கல்யாணப் பதிவு, நான்கு குடியுரிமை மனுக்களின் ரசீது. நான்காவது மனுவுக்கு நேர்காணல் நடந்தது. மாமன்னர் பெயரைக் கேட்டார்கள், சரியாகச் சொன்னார். மலாயில் பேசச் சொன்னார்கள், அறுபது வருடமாகப் பாசாரில் பேசும் மலாயில் பேசினார். மூன்று வருடம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டே வரி. மறுக்கப்பட்டது என்று இருந்தது, காரணம் இல்லை.

இந்த அத்தைதான் எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு முதுகில் எண் தைத்துக் கொடுத்தவர். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்து, 2, 5, 9 என்று வெட்டி, ஞாயிறு ஆட்டத்துக்கு முந்தின இரவு மண்ணெண்ணெய் விளக்கில் தைப்பார். ஜூன் 10-ஆம் தேதி இரவு நான்காவது கோல் விழுந்தபோது சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டியவரும் அவர்தான்.

அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடியுரிமை கேட்பவர் 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அத்தை 76 ஆண்டு வாழ்ந்திருக்கிறார். அவருடைய அசல் பத்திரம் இல்லை என்பதால் கதவு மூடுகிறது. அந்த ஏழு பேருக்கோ, தாத்தா பாட்டியின் கையால் எழுதிய அசல் பிறப்புப் பதிவைப் பார்க்காமலே இங்கே பத்திரம் தயாரானது என்று ஃபிஃபாவின் தீர்ப்பே சொல்கிறது. அந்த ஆட்டக்காரர்கள் மேல் எனக்கு வன்மம் கிடையாது. அவர்களில் சிலர் நன்றாகவே ஆடினார்கள். என் கோபம், இந்த இரண்டு கோப்புகளையும் இரண்டு வேகத்தில் நகர்த்திய கைகள் மேல். ஆகவே, ஐயா, காற்பந்தும் குடியுரிமையும் ஒரே மேசையில்தான் இருந்தன. நாம் போய் முடிச்சுப் போடவில்லை.

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று என் மகன் வாதாடுகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகி, ஜெலுத்தோங்

தம்பியின் ஆசை நல்ல ஆசை, அம்மா. ஆனால் நம் நாட்டில் கலக்காமல் இருந்த காலம் எனக்குத் தெரிந்து இல்லை.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் கம்பத்தில் ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்தது. முன்னால் சந்தோக் சிங், சோ சின் ஆன். ஜேம்ஸ் வோங் வெற்றி கோலை அடித்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அறுபது பேர் இருந்தோம். பெட்டி கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுச் சன்னலில் இருந்தது, நாங்கள் வெளியே முற்றத்தில். யார் யாரைக் கட்டிப் பிடித்தோம் என்று தெரியாது. எனக்கு அப்போது 17 வயது.

அப்புறம் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அரசாங்கம் மாஸ்கோவைப் புறக்கணித்தது. அணி போகவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம், படையெடுப்பு கொடுமைதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும். ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் இறந்துபோனார், ஒலிம்பிக் திடலில் கால் வைக்காமலே. அதற்குப் பிறகு நம் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். அரசியல்வாதி திடலுக்குள் வருவதைத் தடுக்க நம்மால் முடியாமல் போகலாம். வந்தபின் என்ன செய்தார் என்று கேட்பதற்குப் பார்வையாளனுக்கு உரிமை இருக்கிறது. டிக்கெட் வாங்கியவன் நான்.

2021-இல் பூப்பந்து வீராங்கனை கிஷோனாவை ஒரு கட்சிக்காரர் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினாரே, நாம் அதை மறந்துவிட்டோமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

நான் மறக்கவில்லை. சுடிர்மான் கிண்ண அரையிறுதியில் ஜப்பானிடம் ஓர் ஆட்டத்தில் தோற்றார், அவ்வளவுதான். பேசியவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் அந்தப் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஏராளம் இருந்தார்கள் என்பதையும் நான் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. 200 மீட்டர் நன்றாக ஓடுகிறாள். பள்ளியில் ஓடுபாதை இல்லை. வைபியிடம் (சட்டமன்ற உறுப்பினரிடம்) கேட்டோம், பெரிய மாதிரி அட்டைக் காசோலையோடு படம் எடுத்தார். எட்டு மாதமாகிறது, பணம் வரவில்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், சுங்கை பாக்காப்

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு நான் நாள் முழுக்கப் பதில் சொல்வேன். 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி கற்றுக்கொடுத்தவன் நான். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல தோட்டத்து நிலத்தில் முளைத்தவை, திடல் என்பது மீதமிருந்த மூலைதான். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் நேர்ப்பாதை 60 மீட்டருக்குமேல் போகாது. சணல் கயிறு கட்டி, பால் டின்னில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்பு தூவிக் கோடு போடுவேன். வளைவில் ஒரு மாமரம். 200 மீட்டர் ஓடும் பிள்ளை மரத்தைச் சுற்றித்தான் ஓட வேண்டும். மாவட்டப் போட்டியில் நிஜ ஓடுபாதையைப் பார்த்ததும் என் பிள்ளைகள் குனிந்து அந்தச் சிவப்புத் தரையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

எனக்கும் ஓர் அட்டைக் காசோலை அனுபவம் உண்டு. 5,000 வெள்ளி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. படம் பத்திரிகையில் வந்தது, பணம் வரவில்லை. அந்த அட்டை பண்டகசாலையில் ரொம்ப நாள் கிடந்தது, பிள்ளைகள் அதன் பின்பக்கத்தில் மதிப்பெண் எழுதினார்கள்.

நீங்கள் இதைச் செய்யுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் வைபியின் சேவை மையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். படம் வந்த பத்திரிகைத் துண்டையும் தேதியையும் இணைத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு ஓடாத கோப்பு, முத்திரைக்குச் சில சமயம் ஓடும். பணத்துக்காகக் காத்திருக்காமல், பக்கத்து இடைநிலைப் பள்ளியின் தலைமையாசிரியரை உங்கள் பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகவே அணுகி, வாரம் இரண்டு மாலை திடலைக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் கொடுத்தார்கள். மாவட்ட, மாநில எம்எஸ்எஸ் (பள்ளி விளையாட்டு மன்ற) போட்டிகளில் மகளின் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தேதியோடு. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி முதல் படிவத்திலேயே (ஆறாம் ஆண்டுக்கு அடுத்த வகுப்பு) பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறது, ஆகவே ஆறாம் ஆண்டு முக்கியமான ஆண்டு.

1966-இல் பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினாரே எம். ராஜாமணி, அந்தப் பெயரை மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அதே போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கம் வாங்கினார். இன்று சுவர்ப்பந்தில் சிவசங்கரி, பூப்பந்தில் தீனா. அவர்கள் படத்தைப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டுங்கள். காலணி அளவை எழுதி அனுப்புங்கள், தங்கச்சி. ஆணி வைத்த ஓட்டக் காலணி ஒரு ஜோடி என் பழைய மாணவர்களிடம் கிடைக்கும்.

இனி தேசிய அணியின் ஆட்டத்தைப் பார்ப்பீர்களா?
- வாசகர், நிபோங் திபால்

பார்ப்பேன். அது எங்கள் அணி. சங்கத்தில் நாற்காலி வைத்திருப்பவர்களுக்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

என் அம்மாவுக்கும் சிவப்பு ஐசிதான். மூன்று முறை மனுப் போட்டாயிற்று. வயது 71. இனி அலையவைக்க மனம் வரவில்லை. விட்டுவிடலாமா?
- வாசகி, பிறை

அம்மாவைக் கேளுங்கள். என் அத்தையைக் கேட்டேன், "செத்தாலும் நீல ஐசியோட சாவணும்" என்றார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

தொடர்வதாக இருந்தால், இந்த முறை அம்மாவைத் தனியாகக் கவுண்டருக்கு அனுப்பாதீர்கள். பள்ளியில் படித்திருந்தால் பள்ளிப் பதிவேட்டு நகலைத் தேடுங்கள். இல்லையென்றால் அம்மா பிறந்தது தெரிந்த மூத்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், தாமதிக்காமல் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். அத்தைக்கு அப்படி ஒரு பாட்டி இருந்தார், நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் காலமாகிவிட்டார். கூடப்பிறந்தவர்களின் பத்திரங்களையும் சேர்த்து வையுங்கள்.

அத்தையின் ஐந்தாவது மனுவை வரும் செவ்வாய்க்கிழமை கொடுக்கப் போகிறோம். நீங்களும் பிறைதான் என்பதால் சொல்கிறேன்: என் காரில் பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. இதழ் அலுவலகத்துக்குப் போன் செய்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் போனால்தான் முதல் வரிசையில் நம்பர் கிடைக்கும்.