பாக்கின் பாடுகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் 22 வருடமாக பேஸ் (ஆண் குரலில் தாழ்ந்தது) பாடுகிறேன். முறையாக இசை படித்தவன் இல்லை. ஸ்டாஃப் நொட்டேஷனைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவேன், அவ்வளவுதான்.

நீங்கள் எங்கோ ஒரு வரி எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, சென்ற லெந்து காலத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளை மத்தேயு சுவிசேஷத்தின்படி இசையாக்கிய 'மத்தேயு பாடுகள்' கேட்கலாம் என்று கைபேசியில் தேடினேன். பட்டியல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. 1930களில் பதிவானது முதல் இந்தச் சில வருடங்களில் வந்தது வரை அத்தனையும் இருக்கிறது. ஜப்பானியர் ஒருவர் இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் கர்நாடக சங்கீதப் பிரியர். "எங்களிடம் ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடினால் நூறு விதமான நிரவல், நூறு விதமான கல்பனாஸ்வரம். உங்களிடம்தான் எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துவிட்டார்களே, ஒருமுறை ஒழுங்காகப் பாடிப் பதிந்துவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்வரமும் சொல்லும் மாறப்போவதில்லை என்றால் புதிது புதிதாகப் பதிவு எதற்கு? வெறும் வியாபாரமா? இவற்றில் நான் எதைக் கேட்பது?

பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வியாபாரமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு பாடகர் குழுக்கள், இரண்டு வாத்தியக் குழுக்கள், தனிப்பாடகர்கள், மூன்று மணி நேரத்தை ஒட்டிய படைப்பு. இதைப் பதிவு செய்து லாபம் பார்க்க நினைப்பவருக்கு யாராவது நல்ல புத்தி சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இசைக்குழுத் தலைவர் ஜான் எலியட் கார்டினர் 2000-ஆம் ஆண்டு முழுக்க ஊர் ஊராகச் சென்று பாக்கின் கான்டாட்டாக்களை (ஆராதனைக்காக எழுதிய இசைத் தொடர்களை) பாடவைத்தபோது, அவற்றை வெளியிடுவதாக இருந்த பெரிய இசைத்தட்டு நிறுவனம் பாதியில் பின்வாங்கியது. அவர் 2005-ல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கித்தான் அவற்றைக் கொண்டுவர முடிந்தது. இந்தத் துறையின் வியாபார நிலவரம் இதுதான்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு உங்கள் ஆலயத்திலேயே பதில் இருக்கிறது. 'இரத்தம் காயம் குத்தும்' என்ற பாமாலைப் பாட்டை நீங்கள் 22 புனித வெள்ளிகளில் பாடியிருப்பீர்கள். அதன் மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-ல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டினுடையது. பிறகு ஜெர்மன் தேவாலயங்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டன, பால் கெர்ஹார்ட் அதற்குப் பாடுகளின் வரிகளை எழுதினார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரிகளின் வழியில் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கின. பாக் இதே மெட்டை 'மத்தேயு பாடுக'ளில் ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார். ('பாடு' என்ற ஒரே சொல் பாடுவதையும் வேதனையையும் குறிப்பது தமிழில்தான் வாய்த்தது. பாக்குக்குத் தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார்.)

நான் ஆலயத்துக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. ஆனால் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்சுவர் ஓர் ஆலயத்தின் சுவர். இந்தப் பாட்டு ஒவ்வொரு வருடமும் சுவர் தாண்டி வரும். ஆர்கன் முன்னால் போகும், கூட்டம் அரை அடி பின்னால் இழுபடும். வரி முடிகிற இடத்தில் ஆர்கன்காரர் எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருப்பார். ஏதோ ஒரு பாட்டியின் குரல் மட்டும் கடைசியாக வந்து சேரும். பல வருடங்களுக்குப் பிறகு வேறோர் ஊரில் அதையே கேட்டேன். அங்கே ஹார்மோனியம், இளைஞர்கள், எங்கும் நிற்காமல் பாடி முடித்துவிட்டார்கள். தாளில் இருந்தது இரண்டு இடத்திலும் ஒன்றேதான். ஆனால் முதலாவது ஒரு மரண வீடு, இரண்டாவது மரணச் செய்தி.

பாக்கின் தாளிலும் வரி முடிவில் ஓர் அரைவட்டம், அதனுள் ஒரு புள்ளி இருக்கும். உங்கள் பாட்டுப் புத்தகத்திலும் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் நிற்க வேண்டுமா, அல்லது 'வரி முடிந்தது, மூச்சு எடுத்துக்கொள்' என்பதோடு சரியா? பழைய பதிவுகள் பலவற்றில் நிற்கிறார்கள், இன்றைய பதிவுகள் பலவற்றில் மூச்சோடு கடந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பாக் எழுதவில்லை. காலப்பிரமாணத்தையும் பெரும்பாலான இடங்களில் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார்கள் என்று உங்கள் நண்பர் நினைப்பது பாதிதான் சரி.

அந்த மெட்டு முதலில் ஈ மேஜர் சுருதியில் வருகிறது, அடுத்த முறை அரை ஸ்வரம் இறங்கி ஈ பிளாட்டில், மூன்றாவது முறை டியில். நான்காவது முறை, முள்முடி சூட்டியபின், மேலே எஃப் மேஜருக்கு ஏறிவிடுகிறது. ஐந்தாவது, இயேசு உயிர்விட்ட அடுத்த கணத்தில். அங்கே மெட்டு அதேதான் என்றாலும் அடியில் பேஸும் அதற்கு மேலுள்ள ஆண் குரலான டெனரும் அரையரை ஸ்வரமாக நகர்ந்து காலுக்குக் கீழே மணல் அரிப்பதுபோல ஆகிவிடும். நீங்கள் பேஸ் பாடுபவர், அந்தப் பக்கத்தை எடுத்து உங்கள் வரியை மட்டும் ஒருமுறை பாடிப் பாருங்கள். சில நடத்துநர்கள் அங்கே வாத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடுகிறார்கள். பாக் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அது தவறு என்று கேட்கும்போது எனக்குத் தோன்றியதில்லை. (கண்டக்டர் என்றால் நம் ஊரில் டிக்கெட் தருபவர் என்பதால் 'நடத்துநர்' என்று எழுதுகிறேன். அதையும் பஸ்ஸில்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.)

நான் முதலில் கேட்டது ஓட்டோ கிளெம்பரர் என்ற நடத்துநர் 1960, 61-ல் லண்டனில் செய்த பதிவு. ஒரு நண்பர் மூன்று கேசட்டுகளில் பதிந்து தந்தார். ஆரம்பக் குழுப்பாடலே ஏறக்குறைய 12 நிமிடம். தேர் இழுப்பதுபோல இருக்கும், வடம் இறுகுவது தெரியும், பிறகுதான் சக்கரம் அசையும். 1988-ல் கார்டினர் செய்த பதிவில் அதே பாடல் ஏழு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. தாளம் ஒன்றுதான், பன்னிரண்டு எட்டு. கிளெம்பரரிடம் பிண ஊர்வலமாக இருந்த அது, கார்டினரிடம் மூச்சிரைக்க ஓடிவரும் பெண்களின் கூட்டமாகிவிட்டது. முதல் குழு "வாருங்கள் மகள்களே, பாருங்கள்" என்று கூப்பிட, இரண்டாவது குழு "யாரை? எப்படி?" என்று குறுக்கே கேட்கிற பாட்டு அது. எனக்குக் கேசட்டில் அந்த "யாரை?" ஒரு முனகலாகத்தான் கேட்டது. அது கேள்வி என்பதே கார்டினரைக் கேட்டபின்தான் உறைத்தது. இதற்காக நான் கிளெம்பரரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, இன்றும் வருடத்துக்கு ஒருமுறை அவரிடம்தான் போகிறேன்.

அந்தக் கேசட்டில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு கைதிகளில் யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று பிலாத்து கேட்பான். "அவர்கள் சொன்னதாவது" என்று கதை சொல்லும் சுவிசேஷகன் பாடுவான். டக். கேசட்டின் பக்கம் முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டால் "பரபாஸை!" என்ற கூச்சலின் வால் மட்டும் இருக்கும். அது மூன்றே அசை. இரண்டு குழுக்களும் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து, எந்தச் சுருதியிலும் காலூன்றாத ஒரே ஒரு டிமினிஷ்டு கார்டு (ஸ்வரக்கூட்டு). மூன்று மணி நேரப் படைப்பில் இரண்டு வினாடிகூடத் தேறாது. அதை முழுதாகக் கேட்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. அதனாலோ என்னவோ, எந்தப் புதிய பதிவு வந்தாலும் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறேன்.

அந்தக் கூச்சலைப் போடுவது எத்தனை பேர் என்பதில்தான் இந்த ஐம்பது வருடச் சண்டையும். கிளெம்பரரிடம் பெரிய குழு, ஒரு நகரமே கத்துவதுபோல இருக்கும். 1970-ல் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் பாக்கின் காலத்து வாத்தியங்களை வைத்து, பெண் குரலே இல்லாமல், சிறுவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பாக் வேலை பார்த்த லைப்சிக் தேவாலயத்தில் அவர் காலத்தில் பெண்கள் பாடியதில்லை. அதன் பிறகு 1981-ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இசை ஆய்வாளர் ஒரு குண்டைப் போட்டார்: பாக்கின் குழு என்பது பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஒரே ஒருவர்தான் என்றார். பாக் 1730-ல் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனு ஒன்று இருக்கிறது. ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 இருந்தால் இன்னும் நல்லது என்று அதில் கேட்கிறார். அப்படியானால் குரலுக்கு மூன்று நான்கு பேர் என்றுதானே அர்த்தம் என்பது ஒரு கட்சி. அது கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்களின் கணக்கு, ஒருவனுக்குத் தொண்டை கட்டினால் இன்னொருவன் வேண்டுமல்லவா என்பது ரிஃப்கின் கட்சி. அவர்கள் காட்டும் இன்னொரு சாட்சி பாக்கின் வீட்டிலிருந்து வந்த பாட்டுத் தாள்கள். சுவிசேஷகன் பாடுவதும் முதல் குழுவின் டெனர் பாடுவதும் ஒரே தாளில் இருக்கின்றன. அதாவது கதை சொல்கிறவன்தான் கூட்டத்திலும் நின்று கத்துகிறான்.

இதைப் படித்தபோது எனக்கு இது புலவர்களின் சண்டையாகத்தான் தெரிந்தது. 2003-ல் வந்த பால் மெக்ரீஷின் பதிவைக் கேட்டபின் அப்படித் தோன்றவில்லை. ஒரு குரலுக்கு ஒருவர். எட்டுப் பேர் கத்தினால் கூட்டம் ஆகுமா என்றுதான் நினைத்தேன். கூட்டம் ஆகவில்லை, முகங்கள் ஆயின. சற்று முன் தனியாக நின்று அழுத அதே பெண் குரல் "பரபாஸை!" என்று கத்துவது கேட்கிறது. பெரிய குழுவில் அது யாரோ கத்துவது. இங்கே கத்துகிறவரை எனக்குத் தெரியும். இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க ஜான் பட் 2008-ல் டனெடின் கன்சார்ட் குழுவை வைத்து வெளியிட்டது இருக்கிறது. அதே முறைதான், இன்னும் கொஞ்சம் உள்ளறைப் பேச்சு.

நீங்கள் சொன்ன ஜப்பானியர் மஸாஆகி சுசுகி. 1999-ல் ஒருமுறை, 2019-ல் ஒருமுறை. இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்கள் முழுவதையும் 1995 முதல் 2013 வரை 55 தட்டுகளாகப் பதிவு செய்து முடித்தார். முதல் பதிவில் ஒவ்வொரு இடமும் கவனமாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும், தவறு செய்துவிடக் கூடாது என்ற மரியாதை தெரியும். இரண்டாவதில் அந்த மரியாதை தளர்ந்து வீட்டு மனிதராகிவிட்டார். இந்த இரண்டையும் உங்கள் நண்பருக்குக் கொடுங்கள். ஒரே வித்வான் முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் பாடிய ஒரே கீர்த்தனை என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

புதியதில் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ராஃபாயேல் பிஷோன் தன் பிக்மாலியன் குழுவோடு 2022-ல் வெளியிட்டது. நாடகம் சற்று அதிகம்தான். மென்மையான இடங்களில் என்னைப் பார் என்று சொல்கிற மென்மை. ஆனால் அந்தக் கூச்சல் வரும்போது தயாராக இருந்தும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பதிவுக்கு அந்த இரண்டு வினாடி போதும்.

அதற்காகப் புதிதாக வருவதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கால்வாசிப் புதிய பதிவுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன. வேகமாகப் பாடினால் வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறோம் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. எதையும் நடனமாக்கிவிடுகிறார்கள். பத்துத் தடவை பாடியதில் தேறிய துண்டுகளை ஒட்டி, எங்கும் ஒரு பிசிறு இல்லாமல் தேய்த்துக் கொடுக்கிறார்கள். பாட்டி கடைசியாக வந்து சேர இடமே இல்லை. 1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறன்று ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் மெங்கெல்பெர்க் நடத்தியதை நேரடியாகப் பதிந்தது ஒன்று இருக்கிறது, உங்கள் பட்டியலின் 1930கள் அதுவாகத்தான் இருக்கும். பல பாடல்களை வெட்டியிருக்கிறார், காலப்பிரமாணம் இஷ்டத்துக்கு இழுபடும், இன்று ஒரு மாணவன் அப்படிச் செய்தால் ஆசிரியர் வெளியே அனுப்பிவிடுவார். ஐந்து மாதத்தில் ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் யாரோ விசும்புவதாகச் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பட்டியலை மூடுங்கள். கிளெம்பரர் ஒன்று, மெக்ரீஷ் ஒன்று, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இரண்டு குழுக்களும் இடதும் வலதுமாகப் பிரிந்து நின்று பேசிக்கொள்வதுதான் இந்தப் படைப்பின் உயிர். கைபேசி இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிவிடும். ஹெட்போன் வேண்டும். மத்தேயு 26, 27 அதிகாரங்களைத் தமிழ் வேதாகமத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஜெர்மன் தெரியாதது ஒரு குறையே அல்ல. பாக் 1736-ல் எழுதிவைத்த அழகான கைப்பிரதியில் சுவிசேஷ வசனங்களைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், உங்கள் கண்ணும் அந்த வரிகளில்தான் இருக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் கேட்டாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாக்கின் காலத்தில் இரண்டு பாகத்துக்கும் நடுவில் ஆலயத்தில் பிரசங்கம் நடந்தது, நீங்கள் சாப்பிட்டு வரலாம்.

ஒரு வேலை தருகிறேன். அடுத்த புனித வெள்ளியில் 'இரத்தம் காயம் குத்தும்' பாடும்போது, வரி முடிவில் உங்கள் ஆர்கனிஸ்ட் எத்தனை எண்ணிக்கை நிற்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே அளவு நிற்கிறாரா என்பதையும்.